ஒரு வருசம் கழிச்சுப் பார்த்துக்கலாமா?

ஒவ்வொரு வருசமும் மே மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே நம்ம சேரிகளில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "புள்ள பாஸ் பண்ணிடுச்சி, சந்தோசம். காலேஜ் எங்க ஓடிடப் போவுது? ஒரு வருசம் கழிச்சிப் பாத்துக்கலாம்." சொல்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அப்பாவாக இருக்கும். தாய்மாமனாக இருக்கும். கை ஒடிந்து கிடக்கிற குடும்பத்தைப் பார்த்து அந்தப் பிள்ளையே கூடச் சொல்லும். காஞ்சிபுரத்தைச் சுற்றி, பாலாற்றங்கரையில், வாலாஜாபாத் பக்கம், உத்திரமேரூர் பக்கம் எந்தக் காலனிக்குள் நுழைந்தாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். மாலை நேரப் படிப்பகம் ஒன்றில் பிள்ளைகளோடு உட்காருகிறவன் என்கிற முறையில் வருசா வருசம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் இந்த 'ஒரு வருசம்' எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பணக்கார நாடுகளில் இதற்கு 'கேப் இயர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கல்லூரிக்குப் போகும் முன் ஒரு வருசம் ஊர் சுற்றுவது, வேலை செய்து பார்ப்பது, மனசை ஆற்றிக்கொள்வது. அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமாவின் மூத்த மகள் மாலியா 2016இல் பள்ளி முடித்தார். ஹார்வர்டில் இடம் கிடைத்தது. உடனே போகவில்லை. ஒரு வருசம் கழித்து 2017இல் போய்ச் சேர்ந்தார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதை எழுதின. நம்ம ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளும் எழுதின, பிள்ளைகளுக்கு இப்படி ஓர் இடைவெளி நல்லது என்று.

நல்லதுதான். யார் மறுத்தது? ஆனால் அந்தச் செய்தியில் ஒரு விசயத்தைக் கவனிக்கணும். அந்தப் பெண் ஊரெல்லாம் போய்விட்டு வருகிற வரைக்கும் அவருடைய இடம் அங்கேயே இருந்தது. கல்லூரி சம்மதித்திருந்தது. எப்போது வந்து சேர வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருந்தது. அதாவது அவர் கல்லூரிக்குள் கால் வைத்த பிறகுதான் வெளியே போனார்.

நம்ம பிள்ளைக்கு யார் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள்? இங்கே அரசு கலைக் கல்லூரியில் ஒவ்வொரு வருசமும் புதுசாக விண்ணப்பம், புதுசாகத் தரவரிசை, புதுசாகக் கலந்தாய்வு. போன வருசம் கிடைத்திருக்கக்கூடிய இடத்தை இந்த வருசம் போய்க் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். கல்லூரி நமக்காகக் காத்திருக்காது. ஆனால் காத்திருக்கிறவை வேறு இருக்கின்றன. தறி காத்திருக்கிறது. கம்பெனி பஸ் காத்திருக்கிறது. பெண் பிள்ளை என்றால் கல்யாணத் தரகர் காத்திருக்கிறார்.

தறியிலிருந்து தொடங்குகிறேன். காஞ்சிபுரம் என்றால் உலகத்துக்குப் பட்டுச் சேலையும் கோயில் கோபுரமும்தான் தெரியும். அந்தச் சேலையில் பெருமையாகப் பேசப்படுவது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், ரெண்டும் தறியிலேயே கோர்த்துக்கொண்டு வரும். உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடா, ஆக மூணு நாடா ஓடணும். நெய்கிறவர் ஒருத்தரால் இது ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஒரு துணை ஆள் வேணும். அந்தத் துணை ஆள் 1980களிலும் 90களிலும் பெரும்பாலும் ஒரு குழந்தை. அப்பா, அம்மா வாங்கின முன்பணத்துக்கு ஈடாகத் தறிக்குழியோரம் உட்கார்ந்த குழந்தை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. அதற்கெல்லாம் பிறகு, 2003இல், மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வாரணாசி, கர்நாடகத்தோடு சேர்த்து காஞ்சிபுரத்தின் பெயரும் அதில் இருந்தது. கோயில் நகரம், ஆயிரம் கோயில் நகரம் என்று பாடுகிறவர்கள் அந்த அறிக்கையைப் பாடமாக வைக்கவில்லை.

என்னோடு படித்த ஒருவன். கணக்கில் வகுப்பிலேயே அவன்தான் முதல். பிளஸ் டூ முடிஞ்ச உடனே அக்கா கல்யாணம் வந்தது. "ஒரு வருசம் தறியில உக்காந்து கடன முடிச்சிட்டு வந்துர்றேன், நீ முன்னால போ" என்றான். முன்பணம் வாங்கியாச்சு. முன்பணத்துக்கு ஒரு குணம் உண்டு. அதை வட்டியாகக் கழிக்கமாட்டார்கள், கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பார்கள். பிடித்து முடிவதற்குள் வீட்டில் ஒரு காய்ச்சல் வரும், ஒரு சாவு வரும், கூரை ஒழுகும். திரும்ப வாங்கணும். கணக்கில் முதலாக வந்தவனுக்கு அந்தக் கணக்கு மட்டும் கடைசிவரை நேராகவில்லை. ஒரு வருசம் என்பது இருபது வருசம் ஆச்சு. அப்புறம் கைத்தறியில் கூலி கட்டவில்லை, முதுகும் ஒத்துழைக்கவில்லை. இன்றைக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் ராத்திரி வாட்ச்மேன். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவனுக்குப் படிப்பு ஏறியது. திரும்பி வர வழிதான் இல்லை.

இப்போது சின்னக் குழந்தைகள் தறியில் உட்காருவது பெரிதும் குறைந்துவிட்டது. அதற்காகப் பாடுபட்டவர்களை மறக்கக்கூடாது. ஆனால் தறி விட்ட இடத்தைக் கம்பெனி பிடித்துக்கொண்டது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று சிப்காட் விரிந்துகொண்டே போகிறது. விடியற்காலையில் நம்ம ஊர்க் கூட்ரோட்டுக்கே பஸ் வந்து நிற்கிறது. பதினெட்டு வயசுப் பையனுக்கு முதல் மாசமே கையில் பணம். போன் வாங்கலாம், அம்மாவுக்குப் புடவை எடுக்கலாம். யாருக்குத்தான் ஆசை இருக்காது? "ஒரு வருசம் போய்ட்டு வந்து காலேஜ்ல சேர்றேன்" என்கிறான்.

அவனுக்கு நோக்கியா கதையைச் சொல்லணும். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், பள்ளிக்கூட வாசலிலிருந்து நேராக அங்கே போனார்கள். எட்டு வருசம் ஓடியது. வரிச்சிக்கல் வந்தது, கம்பெனி கை மாறியது, 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. பதினெட்டில் உள்ளே போனவர்கள் இருபத்தாறில் வெளியே வந்தார்கள். கையில் ஒரு தொகை இருந்தது, பட்டம் இல்லை. அடுத்த கம்பெனிக்குப் போனால் அங்கே பதினெட்டு வயசுக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எந்தக் கம்பெனிக்கும் வேண்டியது அந்தப் பதினெட்டு வயசுதான். நம்ம பிள்ளையின் அறிவு அதற்குத் தேவைப்படவில்லை.

பெண் பிள்ளைகள் விசயம் இதைவிடக் கொடுமை. சட்டப்படி கல்யாண வயசு பதினெட்டு. பிளஸ் டூ முடிக்கிறபோது பிள்ளைக்குப் பதினேழோ பதினெட்டோ. அதாவது வீட்டில் சும்மா உட்காருகிற அந்த ஒரு வருசமும், சொந்தக்காரர்கள் ஜாதகம் தூக்கிக்கொண்டு வருகிற வருசமும் ஒரே வருசம். "சும்மாதான இருக்குது" என்று ஒரு பெரியம்மா சொன்னால் போதும். கல்லூரிக்குப் போகிற பெண்ணைப் பற்றி, "படிச்சிக்கினு இருக்குது, முடிக்கட்டும்" என்று சொல்லி மூணு வருசம் தள்ளலாம். அந்த ஒரு பதில்தான் பல பெண் பிள்ளைகளுக்கு வேலி. அதை நாமே பிடுங்கிவிடக் கூடாது.

இந்த இடத்தில் காஞ்சிபுரத்துக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "ஏம்ப்பா, நம்ம அண்ணா கூட நடுவுல படிப்ப விட்டுட்டு முனிசிபாலிட்டியில குமாஸ்தா வேல பாத்தவர்தானே? அப்புறம் எம்.ஏ. படிக்கலயா, முதலமைச்சர் ஆவலயா?" நியாயமான கேள்வி. அண்ணாதுரை 1909இல் இதே காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். பச்சையப்பன் பள்ளியில் படித்தார். குடும்பக் கஷ்டத்துக்காகக் காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் சில காலம் எழுத்தராக வேலை பார்த்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கினார். 1967இல் முதலமைச்சர் ஆனார். எல்லாம் உண்மை.

ஆனால் அந்த வேலை எப்படிப்பட்ட வேலை? மேசை, பேனா, மாசச் சம்பளம். வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். முன்பணம் கட்டிப்போடவில்லை. இன்னொன்று, அவர் திரும்பிப் போய்ச் சேர்ந்த அந்தக் கல்லூரி. 1842இல் தொடங்கிய பச்சையப்பன் கல்வி நிறுவனம் பல பத்தாண்டுகள் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த நிறுவனம். எளிய நெசவுக் குடும்பத்துப் பிள்ளைக்குத் திறந்த கதவுதான் சேரிப் பிள்ளைக்கு மூடியிருந்தது. அண்ணாவின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் திரும்பி வர ஒரு வழி இருந்தது என்று சொல்கிறேன்.

சரி, நம்மாளு யாராவது இடைவெளி விட்டுத் திரும்பி வந்திருக்கிறார்களா? வந்திருக்கிறார். நம் அண்ணல்.

பாபாசாகேப் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்காவுக்குப் போய் கொலம்பியாவில் படித்தார். 1916இல் லண்டனுக்கு வந்து, லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. பாதிப் படிப்போடு கப்பல் ஏற வேண்டியதாகிவிட்டது. ஊருக்கு வந்து பரோடாவில் வேலைக்குப் போனார். அவ்வளவு படித்தவருக்கு அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். அந்தக் கதை நமக்கெல்லாம் தெரியும். பலரும் கவனிக்காதது வேறொன்று. லண்டனை விட்டுக் கிளம்பும் முன், நாலு வருசத்துக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்று அவர் பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினார். அந்த அனுமதி கையில் இருந்தது. கெடு தெரியும். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்ததும் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார். நண்பர் நவல் பதேனா கடன் கொடுத்தார். 1920இல், கெடு முடியும் முன், மறுபடி லண்டனில் இருந்தார். 1923இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார்.

அது அவர் விரும்பி எடுத்த இடைவெளி இல்லை, பணம் இல்லாமையால் வந்த இடைவெளி. ஆனால் அவர் மூணு விசயத்தைக் கையில் பிடித்திருந்தார். திரும்பச் சேர்த்துக்கொள்வோம் என்கிற அனுமதி, எதற்குள் திரும்பணும் என்கிற தேதி, திரும்புவதற்கான பணத்துக்கு ஒரு வழி. இந்த மூணும் இருந்தால் அதற்கு இடைவெளி என்று பேர். மூணும் இல்லாமல் போனால் அதற்குப் பேர் படிப்பை விட்டது. அப்படித்தான் நான் பிள்ளைகளிடம் சொல்கிறேன். "ஒரு வருசம் கழிச்சி" என்று யாராவது சொன்னால் மூணு கேள்வி கேளு: அனுமதி எங்கே, தேதி எது, பணம் எது?

பாபாசாகேபுக்கு அந்த வலி தெரிந்திருந்தது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தபோதுதான், 1944இல், பள்ளிக்கு மேல் படிக்கிற ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் வந்தது. இன்றைக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்று நாம் மனுப்போடுகிறோமே, அது அங்கிருந்து வருகிறது. அது யாரும் போடுகிற பிச்சை இல்லை. நடுவில் அறுந்த ஒரு படிப்பிலிருந்து நமக்குக் கிடைத்த உரிமை.

நெசவில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாவு நெய்து முடிகிறபோது பழைய பாவின் நுனிகளை அப்படியே விட்டு வைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய நுனியோடு பிணைத்துவிடுவார்கள். பழைய நுனி தறியில் இருக்கிற வரைக்கும் பிணைக்கலாம். அதை உருவிப் போட்டுவிட்டால் முதலிலிருந்து ஒவ்வொரு இழையாக எடுத்துக் கோக்கணும். படிப்பும் அப்படித்தான். பள்ளி முடித்த ஜூன் மாசத்தில் சான்றிதழ் கையில் இருக்கு, வாத்தியார் போன் எடுக்கிறார், கூடப் படிச்சவன் விண்ணப்பம் போடுகிறான், காலையில் எழுந்து புத்தகம் எடுக்கிற பழக்கம் உடம்பில் இருக்கு. ஒரு வருசம் ஆனால் இதெல்லாம் ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளும்.

இதற்கு எதிர்ப்பேச்சும் உண்டு. போன வருசம் எங்கள் படிப்பகத்தில் ஒரு பெண் கேட்டது. "அண்ணா, பன்னெண்டு வருசம் ஓடிட்டேன். வூட்டு வேல, தம்பிய பாத்துக்கறது, படிப்பு. எனக்குக் களைப்பா இருக்கு. பணக்காரப் புள்ளைங்க மட்டும்தான் ஓய்வெடுக்கணுமா?" இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. ஓய்வும் ஓர் உரிமைதான். உழைத்தே சாகப் பிறந்தவர்கள் என்று நம்மைச் சொன்ன சாதிக்கு எதிராகத்தான் நாம் நிற்கிறோம். பிறகு நம் பிள்ளையிடமே போய் "ஓடு, நிற்காதே" என்று சொல்வதில் ஒரு முரண் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது இதுதான்: "வூட்ல ஒரு வருசம் இருந்தா உனக்கு ஓய்வு குடுப்பாங்களாம்மா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு, "இல்லண்ணா, தண்ணி தூக்கறதும் நானாதான் இருக்கும், தார் சுத்தறதும் நானாதான் இருக்கும்" என்றது. கல்லூரி அந்தப் பிள்ளைக்கு வேலையைக் கூட்டுவதைவிட, வீட்டு வேலையிலிருந்து தினம் ஆறு மணி நேரம் விடுதலை தருவதாகத்தான் இருந்தது. விடுதி கிடைத்தால் முழு விடுதலை. இப்போது அது பி.காம். இரண்டாம் வருசம் போகிறது.

இன்னொரு காரணம் வெளியே சொல்லப்படாமல் இருக்கும். பயம். "அங்க இங்கிலீஷ்ல பேசுவாங்க, எந்த ஊர்னு கேப்பாங்க, எந்தத் தெருன்னு கேப்பாங்க." இரட்டைமலை சீனிவாசன் நம் செங்கல்பட்டு மண்ணில், கோழியாளத்தில் பிறந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர்க் கல்லூரியில் படித்தபோது சுமார் 400 மாணவர்களில் ஒரு பத்துப் பேர் போக மற்றவர்கள் எல்லாம் பிராமணர்கள் என்று தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். தன் சாதி தெரிந்துவிடுமோ என்று யாரோடும் பழகாமல், மணி அடிக்கிற வரைக்கும் வெளியே மரத்தடியில் காத்திருந்துவிட்டு வகுப்புக்குள் போனார். அப்படி ஒளிந்து ஒளிந்து படித்த மனிதர்தான் 1893இல் 'பறையன்' என்றே பேர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். பயம் ஒரு வருசம் வீட்டில் இருந்தால் போகாது, வளரும். உள்ளே போய், நம்மைப் போல் இன்னும் நாலு பேரைக் கண்டுபிடித்த பிறகுதான் குறையும். இன்றைக்கு நம்ம பிள்ளை தனியாக மரத்தடியில் நிற்கத் தேவையில்லை. காஞ்சிபுரம் பச்சையப்பன் ஆடவர் கல்லூரியிலும், மகளிர் கல்லூரியிலும், செய்யாறு அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்னால் போனவர்கள் பின்னால் வருகிறவர்களை வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போகணும்.

நீட் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒரு வருசம் விடுவது என்றால் பாதிப் பேருக்கு நீட் மறுபடி எழுதுவது என்றுதான் பொருள். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கை ஒரு கணக்குச் சொல்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் பிளஸ் டூ முடித்த வருசமே சேராமல் பிறகு எழுதிச் சேர்ந்தவர்கள் 2016-17இல் 12.47 சதவீதம். 2020-21இல் 71.42 சதவீதம். அதாவது மருத்துவக் கல்லூரியின் நுழைவுக் கட்டணத்தில் ஒரு வருசத்தையும் சேர்த்துவிட்டார்கள். அந்த வருசத்தைப் பயிற்சி மையத்தில் பணம் கட்டி உட்கார்ந்து கழிக்க முடிந்தவனுக்கு இடம். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், 1200க்கு 1176 வாங்கிய பிள்ளை. 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். பன்னிரண்டு வருசப் படிப்பைச் செல்லாக்காசு ஆக்கிய தேர்வு அது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அந்தக் கதவு இருக்கிறது, சின்னக் கதவு.

மருத்துவம்தான் வேண்டும் என்று உறுதியாக இருக்கிற பிள்ளையைத் தடுக்கக் கூடாது. ஆனால் அங்கேயும் அந்த மூணு கேள்விதான். கடன் வாங்காமல் பயிற்சிக்கு வழி இருக்கிறதா? எத்தனை முறை எழுதுவது என்று முன்கூட்டியே முடிவு செய்தாயிற்றா? கிடைக்காவிட்டால் அடுத்த நாள் எங்கே போய்ச் சேருவது என்று தெரியுமா? இதற்கெல்லாம் பதில் இருந்தால் எழுதட்டும். பதில் இல்லாமல் வீட்டுக்குள் உட்கார்ந்து பழைய புத்தகத்தைப் புரட்டுகிற வருசம் பிள்ளையைத் தின்றுவிடும். நான் பார்த்த வரைக்கும், ஒரு பி.எஸ்சி.யில் சேர்ந்துகொண்டே எழுதின பிள்ளைகள் தோற்றாலும் உடையவில்லை. கையில் பிடிக்க ஒரு கொம்பு இருந்தது.

உடம்பு சரியில்லாத பிள்ளை, வீட்டில் சாவு விழுந்த பிள்ளை இவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அவர்களுக்கு நேரம் வேண்டும். ஒரு பாடத்தில் போய்விட்டது என்று முடங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: அதே கோடையில் துணைத்தேர்வு வருகிறது, எழுதிவிட்டு அந்த வருசமே சேரலாம். ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டவர்களுக்கு இன்னொரு சொல்: 1985இலிருந்து இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2002இலிருந்து தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டே பட்டம் வாங்கலாம். வேலையா படிப்பா என்று ஒன்றை வெட்டிப் போட வேண்டியதில்லை.

பணம் இல்லை என்று நிறுத்துகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளணும். 2012இல் வந்த அரசாணை 92, தனியார் சுயநிதிக் கல்லூரியில் சேர்கிற நம் பிள்ளைகளின் கட்டணத்தையும் அரசு ஏற்பதற்காக வந்தது. கிறித்தவத்துக்குப் போன ஆதிதிராவிடர்களுக்கும் சேர்த்துத்தான். அந்த ஆணையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் கல்லூரி அலுவலகத்தின் குரலே மாறும். 2022இல் அரசுப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டமும், 2024இல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாசம் ஆயிரம் ரூபாய் என்று தொடங்கின. ஆயிரம் ரூபாய் குடும்பத்தைக் காப்பாற்றாது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும். சாதிச் சான்று, வருமானச் சான்று ரெண்டையும் ரிசல்ட் வருவதற்கு முன்பே வாங்கி வைக்கணும். சான்றிதழ் வரவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு வருசம் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இதுவரை பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் சொன்னேன். இனி இயக்கத்திடம்.

'உடனே சேரு' என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு நாம் போய்ப் படுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பெண் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. நம் பிள்ளைக்கும் ஒரு வருசம் மூச்சு விடுகிற உரிமை வேண்டும். அதை வாங்க வேண்டியது நாம். தலித், பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த இடத்தை, உடம்புக்கோ குடும்பத்துக்கோ ஒன்று ஆகிவிட்டால், ஒரு வருசம் நிறுத்தி வைத்து, எழுத்தில் கடிதம் கொடுக்கச் சொல்லி அரசிடம் கேட்போம். லண்டன் பல்கலைக்கழகம் 1917இல் ஓர் இந்திய மாணவருக்குச் செய்ததை நம் அரசுக் கல்லூரி இன்றைக்குச் செய்ய முடியாதா?

உதவித்தொகையை நேரத்துக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்போம். மத்திய அரசு தன் பங்கைச் சுருக்கிக்கொண்டதால் பல மாநிலங்களில் இந்தத் திட்டம் தள்ளாடி, 2020 டிசம்பரில்தான் 60:40 என்று பங்கு பிரிக்கப்பட்டது. 2019இல் முன்னேறிய சாதி ஏழைகளுக்கு 10 சதவீதம் கொண்டுவந்தபோது ஏழை என்பதற்கு வருமான வரம்பு வருசம் 8 லட்சம். அதே நேரம் நம் பிள்ளை உதவித்தொகை வாங்க வருமான வரம்பு இரண்டரை லட்சம். நம்மில் ஒருவன் மாசம் இருபத்தையாயிரம் சம்பாதித்தாலே வரம்பைத் தாண்டிவிடுவான். ஏழ்மைக்கும் இந்த நாட்டில் சாதி இருக்கிறது.

அரசு செய்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு சேரியிலும் மே மாசம் ஒரு கணக்கெடுப்பு நடத்துவோம். எத்தனை பிள்ளை பிளஸ் டூ முடிச்சிது, யார் எங்கே விண்ணப்பம் போட்டது, யாருக்குச் சான்றிதழ் இல்லை, யார் வீட்டில் முன்பணம் வாங்கப் போகிறார்கள். திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வசூலிக்கத் தெரிந்த நமக்கு, ஒரு பிள்ளையின் முதல் தவணையைக் கட்ட வசூலிக்கத் தெரியாதா? சிலை வைப்போம், வேண்டாம் என்று சொல்லவில்லை. சிலைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஓர் ஆள் உட்காரட்டும்.

பிள்ளைகளே, இந்த வருசம் சேருங்கள். பிடித்த பாடம் கிடைக்காவிட்டாலும், கிடைத்த பாடத்தில் உள்ளே போங்கள். உள்ளே இருந்துகொண்டு மாற்றிக்கொள்ளலாம், சண்டை போடலாம், ஓய்வு கூடக் கேட்கலாம். வெளியே நின்றால் கேட்பதற்கு ஆள் இருக்காது.